உஸ்தாதின் கடன்



நம் ஊர்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, சந்தூக்கைப் பள்ளிவாசலில் இறக்கி வைத்து, ஸஃப்புகள் சரியானதும், ஜனாஸாத் தொழுகை தொடங்குமுன் வாரிசுகளில் ஒருவர் முன்னே வந்து நிற்பார். "மர்ஹூம் அவர்களிடம் யாருக்கேனும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் வந்து பெற்றுக் கொள்ளுங்கள். அவர் யாருக்காவது மன வருத்தம் தந்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்து விடுங்கள்" என்று தழுதழுத்த குரலில் சொல்வார். "மன்னித்தோம், மன்னித்தோம்" என்று கூட்டத்திலிருந்து சப்தம் எழும். பிறகு தக்பீர் கட்டப்படும்.

பணம் கொடுத்தவர் கையைத் தூக்கலாம். வரப்புத் தகராறு உள்ளவர் பிறகு வந்து பேசலாம். ஆனால் பத்து வயதில், ஒரு மூடிய அறைக்குள், தன் மானத்தைப் பறிகொடுத்த பிள்ளை வளர்ந்து ஆளாகி அந்த ஸஃப்பில் நின்று கொண்டிருந்தால், அவன் எப்படிக் கையைத் தூக்குவான்? எந்தத் தொகையைச் சொல்வான்? அவனைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் "மன்னித்தோம்" என்கிறார்கள். அவனுடைய ஹக்கை அவனைக் கேளாமலே ஊர் விட்டுக் கொடுத்து விடுகிறது.

அந்தக் கடன் என்ன ஆகும்? அதை யார் தீர்ப்பது? இம்மாதம் நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் இதுதான். கசப்பான விஷயம். ஆனாலும் மருந்து என்றால் கசக்கத்தானே செய்யும்!

சென்ற ஆண்டு நடந்த செய்தி இது. சம்பந்தப்பட்டவரின் அனுமதி பெற்றே எழுதுகிறோம். அவருடைய பெயரையும், மதரஸா இருந்த ஊரையும் சொல்லவில்லை. வாசகர்கள் துருவித் தேடவும் வேண்டாம்.

விழுப்புரத்தில் நாம் குத்பா ஓதும் பள்ளிவாசலுக்கு ஜும்ஆ தோறும் ஒருவர் வருவார். நாற்பது வயதைத் தாண்டியவர். கடைசி ஸஃப்பில் தூண் ஓரமாக நிற்பார். ஸலாம் கொடுத்ததும் போய் விடுவார். திண்டிவனத்துக்காரர் என்பது தெரியும். விழுப்புரத்தில் ஏதோ வேலை பார்க்கிறார் போலும் என்று நாம் நினைத்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. அருகே வந்து அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். ஒரு மதரஸாவின் புதிய கட்டடத் திறப்பு விழா நோட்டீஸ் அது. அங்கே நாற்பது ஆண்டுகள் ஓதிக் கொடுத்து மறைந்த ஓர் உஸ்தாதின் பெயர் அந்தக் கட்டடத்துக்குச் சூட்டப்படும் என்று அதில் அச்சிட்டிருந்தது.

"ஹஜ்ரத், எனக்கு விழுப்புரத்துல வேலை ஒண்ணும் கிடையாது. எங்க ஊர்ப் பக்கம் பள்ளிவாசல்கள்ல அவர்கிட்ட ஓதின பிள்ளைங்கதான் இமாமா நிக்கிறாங்க. அவர் ஓதுற மாதிரியே ஓதுவாங்க. அந்தக் குரலைக் கேட்டா என்னால ஸஜ்தாவுல தலை வைக்க முடியல. அதான் பஸ் ஏறி இங்க வர்றேன்."

திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வழியாக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரு குரலுக்கு அஞ்சி, வாரா வாரம் போகவும் வரவும் 80 கிலோமீட்டர் பயணம் செய்து தொழுதிருக்கிறார் அந்த மனிதர்!

மிச்சத்தை அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். நாமும் அவ்வளவே எழுதுவோம். அப்போது அவருக்குப் பத்து வயது. ஒன்பது ஜுஸ்வு மனனம் செய்திருந்தார். அந்த உஸ்தாதால் அவருக்கு நேர்ந்ததை அம்மாவிடம் அழுது சொன்னார். அம்மா ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரிடம் போய் முறையிட்டார். "குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவர் மேல பழி போடாதீங்கம்மா. பிள்ளைக்கு ஓதப் பிடிக்கல, கதை கட்டுறான்" என்று பதில் வந்தது. பிள்ளையை மதரஸாவிலிருந்து நிறுத்தி விட்டார்கள். 'ஓதாமல் ஓடி வந்தவன்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. உஸ்தாதுக்கோ நாளுக்கு நாள் கண்ணியம் கூடியது.

"இனிமே அந்தத் தெருவுல அவரோட பேரை வேற நான் படிச்சுட்டுப் போகணுமா ஹஜ்ரத்?" என்று கேட்டு நிறுத்தினார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நமக்கு அலிஃப், பே ஓதிக் கொடுத்தவரும் அதே உஸ்தாதுதான். பிறகு வேறிடம் சென்று ஓதி ஸனது வாங்கினோம் என்றாலும், நம் நாவில் முதல் ஹர்ஃபை வைத்தவர் அவர். மழைக்காலத்தில் நம் தலையைத் தம் துண்டால் துவட்டி விட்டவர். நம்மிடம் ஒரு நாளும் முறைகேடாக நடந்தவர் அல்லர். அந்த நினைவெல்லாம் ஒன்றாக எழுந்து நம் தொண்டையை அடைத்தது. வாயில் வந்த பதில் இதுதான்: "பாய், அவர் மவ்த்தாகி விட்டார். மவ்த்தானவர்களை ஏசக் கூடாது என்று ஹதீஸ் இருக்கிறது. எத்தனை ஹாஃபிழ்களை உருவாக்கியவர்! அல்லாஹ்விடம் ஒப்படைத்து விட்டு நீங்கள் மன்னித்து விடுவதுதான் நல்லது."

"சரிங்க ஹஜ்ரத்" என்றார். நோட்டீஸை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக் கொண்டு போனார். அடுத்த ஜும்ஆவுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஜும்ஆவுக்கும் வரவில்லை. நான்கு வாரம் அந்தத் தூண் ஓரம் வெறுமையாகக் கிடந்தது.

ஒரு மனிதர் ஏற்கனவே ஒரு பள்ளிவாசலை இழந்திருந்தார். இரண்டாவது பள்ளிவாசலையும் அவரிடமிருந்து நாம் பறித்து விட்டோம் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

சகோதரர்களே! இது மதரஸாக்களில் மட்டும் நேரும் முஸீபத் அன்று. எங்கெல்லாம் ஒரு பிள்ளையின் எதிர்காலம் ஒரே ஆசானின் கையில் இருக்கிறதோ, அங்கெல்லாம் இந்த ஆபத்து இருக்கிறது. விளையாட்டுத் திடலைப் பாருங்கள். சென்னையில் தடகளப் பயிற்சி மையம் நடத்தி, பதக்கம் வாங்கும் பல பெண்களைத் தயார் செய்து புகழ் பெற்றிருந்தவர் நாகராஜன் என்ற பயிற்சியாளர். 2021 மே மாதம் ஓர் இளம் வீராங்கனை அவர் மீது பாலியல் புகார் கொடுத்தார். குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்படி அவர் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு, முன்பு அவரிடம் பயிற்சி பெற்ற வேறு பெண்களும் புகார் சொல்ல முன்வந்தார்கள். அவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பெழுதுவது நீதிமன்றத்தின் வேலை, நம் வேலையன்று. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒருவர் வாய் திறந்த பிறகே மற்றவர்களால் பேச முடிந்தது. ஓடுவதற்குக் கற்றுக் கொடுத்தவரைப் பற்றிப் பேசினால் ஓட்டமே போய் விடுமோ என்ற அச்சம் ஒரு பிள்ளையின் வாயை எத்தனை காலம் பூட்டும் என்பதைச் சிந்தியுங்கள்!

கடல் கடந்த இன்னொரு நிகழ்ச்சி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கு 1966 முதல் 2011 வரை 46 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஜோ பட்டர்னோ. 409 வெற்றிகள். மாணவர்கள் படிப்பிலும் ஒழுக்கத்திலும் சிறக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். பல்கலைக்கழக நூலகத்துக்கு வாரி வழங்கியவர். விளையாட்டரங்கத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலையே வைத்திருந்தார்கள்.

அவரிடம் நீண்ட காலம் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி சண்டஸ்கி என்பவர் ஏழைச் சிறுவர்களுக்கென்று ஓர் அறநிறுவனம் நடத்தி வந்தார். 2001ஆம் ஆண்டு, குளியலறையில் ஒரு சிறுவனோடு சண்டஸ்கியைத் தாம் கண்டதாக ஓர் இளம் உதவியாளர் பட்டர்னோவிடம் வந்து சொன்னார். பட்டர்னோ தம் மேலதிகாரிகளிடம் அதைத் தெரிவித்தார். அத்தோடு தம் கடமை தீர்ந்தது என்று இருந்து விட்டார். போலீசுக்குச் செய்தி போகவில்லை. 2011 நவம்பரில் சண்டஸ்கி கைது செய்யப்பட்டார். பத்துச் சிறுவர்கள் தொடர்பான 45 குற்றங்கள் 2012 ஜூன் மாதம் அவர் மீது நிரூபணமாயின. குறைந்தது 30 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பட்டர்னோ மீது வழக்கு ஏதும் தொடரப்படவில்லை. ஆனால் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தாம் இன்னும் அதிகமாகச் செய்திருக்க வேண்டும் என்று அவரே வருந்தினார். 2012 ஜனவரியில் இறந்தும் போனார்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். 2012 ஜூலையில் சிலையை அகற்றினார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1998 முதலான 111 வெற்றிகளை அவர் கணக்கிலிருந்து அடித்தது, 298 ஆயிற்று. 2015 ஜனவரியில் மறுபடி சேர்த்தார்கள், 409 ஆயிற்று. 2016இல், அவர் தலைமையேற்று 50 ஆண்டுகள் ஆனதை மைதானத்திலேயே கொண்டாடினார்கள். பலர் முகம் சுளித்தார்கள். அவர் நல்லவரா, கெட்டவரா? சிலை வேண்டுமா, வேண்டாமா? 409 சரியா, 298 சரியா? ஆண்டுக் கணக்கில் வாதம் நடந்தது. இந்தக் கூச்சலில் அந்தச் சிறுவர்களின் கணக்கை எத்தனை பேர் பேசினார்கள்?

இதைப் படித்தபோது நம் நெஞ்சு திடுக்கிட்டது. சண்டஸ்கி போன்றவர்கள் சிலரே இருப்பார்கள். ஆனால் செய்தி காதுக்கு வந்தும், "சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி விட்டேன்" என்றோ "ஓதிக் கொடுக்கிறவர் மேல் பழி போடாதே" என்றோ கையைக் கழுவி விடும் பெரியவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை நாமே அப்படித்தான் இருந்தோம்.

ஆகவே நம்மை நாமே கிதாபுகளின் முன்னால் நிறுத்தி, நாம் சொன்ன பதிலின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் பார்த்தோம்.

மவ்த்தானவர்களை ஏசாதீர்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது உண்மை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஆனால் திர்மிதியில் வரும் இன்னோர் அறிவிப்பு அந்தத் தடைக்கான காரணத்தையும் காட்டுகிறது. மரித்தவரை ஏசினால் உயிரோடு இருப்பவர்களின் மனம் புண்படும் என்பதே அது. இங்கே உயிரோடு இருந்து புண்பட்டவர் யார்? தூண் ஓரம் நின்ற அந்த மனிதர் அல்லவா! உயிருள்ளவரின் மனத்தைக் காக்க வந்த ஹதீஸை எடுத்து, உயிருள்ளவரின் வாயையே அடைத்து விட்டோம். மேலும், ஏசுவது வேறு, முறையிடுவது வேறு. தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை விரும்பாத அல்லாஹ், அநியாயம் இழைக்கப்பட்டவனுக்கு மட்டும் அதில் விலக்கு அளித்திருப்பதை ஸூரத்துன் நிஸாவின் 148ஆம் ஆயத்தில் காணலாம். ரப்பு திறந்து வைத்த வாயை மூட நாம் யார்?

இரண்டாவதாக, 'எத்தனை ஹாஃபிழ்களை உருவாக்கியவர்' என்றோம். நன்மைகளின் எண்ணிக்கை பிறருடைய ஹக்கை அழித்து விடுமா? முஃப்லிஸ், அதாவது திவாலானவன் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்றார்கள் ஸஹாபாப் பெருமக்கள். அன்று, தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் மலை போல் கொண்டு வந்து, ஒருவனை ஏசியும், ஒருவன் மீது அவதூறு கூறியும், ஒருவன் பொருளைத் தின்றும், ஒருவன் இரத்தத்தைச் சிந்தியும், ஒருவனை அடித்தும் இருப்பவனே முஃப்லிஸ் என்று பெருமானார் விளக்கினார்கள். அவனுடைய நன்மைகளெல்லாம் அவர்களுக்குப் பங்கிடப்படும். நன்மைகள் தீர்ந்து போனால் அவர்களுடைய பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. நன்மை இல்லை என்று இந்த ஹதீஸ் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நன்மை இருக்கிறது, ஆனால் அது இனி அவனுடையதாக இல்லை! அந்த உஸ்தாதின் ஹாஃபிழ்களை எண்ணிப் பார்த்துப் பெருமைப்பட்டோமே, அந்த நன்மை இன்று யார் கணக்கில் இருக்கிறது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

மூன்றாவதாக, 'நம்மிடம் அவர் நல்லவராகத்தான் இருந்தார்' என்ற எண்ணம். மதரஸாவில் உஸூல் ஓதியவர்களுக்கு ஒரு காயிதா தெரியும். ஒன்று நடந்தது என்பவரின் சொல்லும், நடக்கவில்லை என்பவரின் சொல்லும் மோதினால், நடந்தது என்பவரின் சொல்லுக்கே முதலிடம். ஏனெனில் மற்றவருக்கு இல்லாத இல்மு அவரிடம் இருக்கிறது. நம் தலையைத் துண்டால் துவட்டி விட்டார் என்பதற்கு நாம் சாட்சி. பூட்டிய அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு நாம் சாட்சியல்ல. அறியாமையைச் சாட்சியமாக மாற்றக் கூடாது. ஹதீஸ் கலையின் பெரும் இமாமான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்கள், தம் சொந்தத் தந்தையை ஹதீஸ் அறிவிப்பில் பலவீனமானவர் என்று தீர்ப்புக் கூறியவர்கள். தந்தை மீது பாசம் இல்லாமலா? பாசம் தம் வீட்டுக்கு உரியது, தீன் உம்மத்துக்கு உரியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

"நான்கு சாட்சி எங்கே?" என்று கேட்பவர்களும் உண்டு. ஜினாவுக்கு ஹத்து எனும் தண்டனையை நிறைவேற்றத்தான் நான்கு சாட்சிகள். மனிதனின் மானத்தைக் காக்க வந்த சட்டம் அது. மானம் இழந்த பிள்ளையின் வாயைப் பூட்ட அதைச் சாவியாகப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்! ஓர் அமானிதத்திலிருந்து ஒருவரை நீக்குவதற்கும், பிள்ளைகளை அவரிடம் ஒப்படைக்காமல் இருப்பதற்கும், விசாரணைக்குக் கொண்டு போவதற்கும் நான்கு சாட்சி கேட்ட ஃபகீஹ் யார்? அதே நேரத்தில், காதில் விழுந்ததையெல்லாம் தெருவில் பரப்புவதும் ஹராம்தான். விசாரிக்க வேண்டும், நிதானமாக, பட்சபாதமின்றி விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் தூற்றுவதும் பாவம், விசாரிக்காமல் புதைப்பதும் பாவம்.

"வெளியே தெரிந்தால் சமுதாயத்துக்குக் கேவலம்" என்பது கடைசி அஸ்திரம். மக்ஸூம் கோத்திரத்துப் பெரிய இடத்துப் பெண் திருடியபோது, குறைஷிகளுக்கும் அது பெரும் கவலையாக இருந்தது. சிபாரிசுக்கு வந்த உஸாமா (ரலி) அவர்களிடம், முன்னிருந்த சமூகங்கள் அழிந்ததே உயர்ந்தவனை விட்டு விட்டு எளியவனைத் தண்டித்ததால்தான் என்று பெருமானார் (ஸல்) கடிந்து கூறி, தம் அருமை மகளே ஆனாலும் சட்டம் ஒன்றுதான் என்று அறிவித்தார்கள். ஸூரத்துன் நிஸாவின் 135ஆம் ஆயத்தோ, உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று பணிக்கிறது. நம் விழுப்புரத்திலேயே, நாமெல்லாம் கடந்து போகும் நீதிமன்றத்தில், காவல்துறையில் சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது ஒரு பெண் அதிகாரி கொடுத்த பாலியல் புகாரில் 2023 ஜூன் மாதம் மூன்றாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் மாவட்ட முதன்மை நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த அதிகாரியைப் புகார் கொடுக்க விடாமல் வழியில் தடுத்த இன்னோர் அதிகாரிக்கும் அபராதம் விதித்தார்கள். துன்யாவின் நீதிமன்றமே தடுத்தவனைக் கணக்கில் எடுக்கிறது என்றால், மஹ்ஷரின் நீதிமன்றம் விட்டு விடுமா?

அப்படியானால் அவர் ஓதிக் கொடுத்த குர்ஆன் என்ன ஆவது என்று அவரிடம் ஓதியவர்கள் கலங்குவார்கள். நாமும் கலங்கினோம். குர்ஆன் அல்லாஹ்வின் கலாம். அது எந்த உஸ்தாதின் சொத்தும் அன்று. அழுக்குக் கையால் ஊற்றப்பட்டாலும் ஜம்ஜம் ஜம்ஜம்தான். ஓதியதை விட்டு விட வேண்டியதில்லை. அவருக்காக மக்ஃபிரத் தேடி துஆ செய்வதும் தடையன்று. அவர் கலிமாச் சொன்னவர், அவருடைய முடிவு அல்லாஹ்வின் கையில். ஆனால் துஆ வேறு, கண்ணியப் பட்டயம் வேறு. துஆ நமக்கும் ரப்புக்கும் இடையில் உள்ளது. பெயர்ப் பலகையோ தெருவைப் பார்த்து நிற்கிறது; அந்தத் தெருவில் அவரால் பாதிக்கப்பட்டவர் நடக்கிறார்.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டது. இவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார்கள். மூன்று தீனார் உண்டு என்றார்கள். அதை அடைக்க எதையும் விட்டுச் செல்லவில்லை என்பதும் தெரிந்தது. அப்படியானால் உங்கள் தோழருக்கு நீங்களே தொழுது கொள்ளுங்கள் என்று கூறி விட்டார்கள். ரஹ்மத்துன் லில் ஆலமீன் ஆன நபி, மூன்று தீனாருக்காகத் தொழாமல் நின்றார்கள்! அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்து, அந்தக் கடன் என் பொறுப்பு, தாங்கள் தொழ வையுங்கள் என்றார்கள். பிறகே நாயகம் (ஸல்) தொழுதார்கள். இன்னோர் அறிவிப்பில், மறுநாளும் விடாமல் கேட்டு, கடன் கொடுக்கப்பட்டு விட்டது என்று அறிந்த பிறகே, இப்போதுதான் அவருடைய மேனி குளிர்ந்தது என்ற கருத்தில் அருளியதாக வருகிறது.

அபூ கதாதாவைப் பாருங்கள்! தோழரின் நற்குணங்களை எடுத்துச் சொல்லிக் கடனை மறைக்கவில்லை. கடன் கொடுத்தவரிடம் போய், விட்டுக் கொடு என்று நெருக்கவில்லை. தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மரித்தவர் மீதுள்ள உண்மையான பிரியம் இதுதான். நமக்கு ஓதிக் கொடுத்ததற்காக உஸ்தாதுக்கு நாம் நன்றிக் கடன் பட்டிருக்கலாம். அதை நம் கைப் பொருளிலிருந்து கொடுக்க வேண்டுமே தவிர, அந்தப் பிள்ளையின் ஹக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. பெயர்ப் பலகை, புகழுரை, "மன்னித்தோம்" என்ற சப்தம் இவையெல்லாம் பிறர் பொருளை எடுத்துச் செய்யும் தர்மம் ஆகும். உஸ்தாதை நேசிக்கிறவன், அவருடைய கடனைத் தீர்க்க முன்வரட்டும்.

ஐந்தாவது வாரம் நாம் திண்டிவனம் பஸ் ஏறினோம். விசாரித்து அவர் வீட்டுக்குப் போனோம். நாமும் அதே உஸ்தாதிடம் ஓதியவர் என்பதை முதலில் சொன்னோம். அன்று சொன்ன பதில் தவறு, அதற்காக மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறோம் என்றோம். உஸ்தாதை மன்னியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவருடைய ஹக்கு. அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்க பொய் சொல்றேன்னு சொல்லலையே ஹஜ்ரத், அதுவே அன்னிக்குப் பெருசாப் பட்டுச்சு" என்றார். நமக்கு வெட்கம் தாங்கவில்லை. இவ்வளவு சிறியதையா இத்தனை ஆண்டு ஏங்கியிருக்கிறார்!

பிறகு அந்த மதரஸாவின் நிர்வாகிகளிடம் நாமும் இரண்டு ஆலிம்களும் சென்று பேசினோம். முதல் நாள் கதவைச் சாத்தாத குறைதான். ஆனால் விசாரிக்க ஒப்புக் கொண்டார்கள். வேறு வேறு ஆண்டுகளில் ஓதி, வேறு வேறு ஊர்களில் வாழ்ந்து வரும் இருவர், ஒருவரையொருவர் அறியாமல், அதே வகையான செய்தியைச் சொன்னார்கள். முத்தவல்லியின் முகம் வெளுத்து விட்டது. அன்று முறையிடப் போன அம்மாவைத் திருப்பி அனுப்பிய பெரியவர் அவருடைய தகப்பனார்தான். அம்மாவும் இன்று இல்லை. அந்தப் பெரியவரும் இல்லை.

முத்தவல்லி அந்த மனிதரின் வீட்டுக்கு நடந்தே போனார். "எங்க அத்தா உங்க அம்மாகிட்ட சொன்ன பதிலுக்கு நான் வந்திருக்கேன்" என்று சொல்லி நின்றார். உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டார். "எனக்கு ஒண்ணும் வேணாம் பாய். பிள்ளைங்க ஓதுற ரூமுக்குக் கதவு வேணாம்" என்றார் அவர்.

கட்டடம் திறந்தாகி விட்டது. அதற்கு யாருடைய பெயரும் இல்லை. ஓதும் அறைகளுக்குக் கதவும் இல்லை, இடுப்பளவுச் சுவர்தான். தெருவில் போகிறவர்கள் பிள்ளைகள் ஓதுவதைப் பார்த்துக் கொண்டே போகலாம்.

பெற்றோர்களே, நிர்வாகிகளே! தனியறையில் ஒரு பிள்ளையோடு எந்த உஸ்தாதும் இருக்கும்படி விடாதீர்கள். நல்ல உஸ்தாதுக்கும் அதுவே பாதுகாப்பு. பிள்ளை திடீரென்று ஓதப் போக மாட்டேன் என்று அழுதால், அடித்து அனுப்புமுன் மடியில் உட்கார வைத்துக் கேளுங்கள். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமை; மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். 1098 என்ற எண்ணிலும் சொல்லலாம். பிள்ளையின் பெயரை மட்டும் யாரிடமும் பரப்பாதீர்கள். ஜமாஅத்துக்குள் முடித்துக் கொள்வோம் என்று எவர் சொன்னாலும் இணங்காதீர்கள்.

அவர் இப்போதும் ஜும்ஆவுக்கு விழுப்புரம்தான் வருகிறார். ஊர்ப் பள்ளிவாசலுக்கு இன்னும் போக முடியவில்லை. நாம் வற்புறுத்துவதில்லை. சென்ற ரமலானுக்கு முன்பு ஒரு நாள் தொழுகை முடிந்து அருகே வந்தார். "அந்த ஒன்பது ஜுஸ்வுல முதல் ஜுஸ்வு மறந்துட்டேன்னு நினைச்சேன் ஹஜ்ரத். ஓதிப் பார்க்கலாமா?" என்றார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க, பள்ளிவாசலின் நடுவில் உட்கார்ந்து கேட்டோம். இடையிடையே தடுமாறினார். முழுதும் மறக்கவில்லை, அல்ஹம்து லில்லாஹ்!

யா அல்லாஹ்! பேச முடியாத பிள்ளைகளின் ஹக்கை நாங்கள் விட்டுக் கொடுத்த பாவத்தை மன்னிப்பாயாக! மரித்தவர்களின் கடனை மறைப்பவர்களாக எங்களை ஆக்காமல், தீர்ப்பவர்களாக ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளையும் எங்கள் மதரஸாக்களையும் உன் பாதுகாப்பில் வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.